மோர் ஜாடி

சைலஸ் துறை, தென் கரோலினா
5 செப்டம்பர் 1974

அக்காவுக்கு,

'அன்புள்ள' என்று ஆரம்பிக்கக் கை வரவில்லை. அடுத்த கடிதத்தில் பார்க்கலாம்.

ஊர்கூடும் ஞாயிறு முடிந்து நீ பஸ் ஏறிய மறுநாள், கோயில் கல்லறைத் தோட்டத்தில் புல் வெட்டப் போனேன். இருநூறு பேர் மிதித்துவிட்டுப் போன இடம், காகிதத் தட்டும் கோழி எலும்புமாகக் கிடந்தது. பொறுக்கிக்கொண்டே நம் வாரிங் வரிசைக்கு வந்தேன். அப்பாவுக்குப் பக்கத்தில், பெயரில்லாத அந்தக் குழந்தைக் குழிமேல், இத்தனை வருஷமாகத் துண்டு துண்டாகக் கிடந்த ஜாடி முழுசாக நின்றுகொண்டிருந்தது. நீலப் பறவை, கைப்பிடி, மூக்கு எல்லாம் இருக்கவேண்டிய இடத்தில் இருந்தன. எனக்குக் கையிலிருந்த சாக்கு நழுவிவிட்டது.

வீட்டுக்கு வந்து பெண்டாட்டியிடம் சொன்னேன். "உங்கக்கா வேலதான்" என்றாள் ரொவீனா. "அன்னிக்கு எல்லாரும் பந்தியில உக்காந்திருக்க, அது மட்டும் ரெண்டு குழாயப் பிதுக்கிட்டுத் தோட்டத்துல குந்தியிருந்துச்சு. கால்வலிக்குத் தைலம் தேய்க்குதாக்கும்னு நான் வந்துட்டேன்."

ஏன் அக்கா? முப்பத்தைந்து வருஷம் வடக்கே இருந்தால் இதுகூடவா மறந்துபோகும்? செத்தவர் கடைசியாகப் புழங்கிய பாத்திரத்தை மேட்டில் வைக்கிறோம். உடைத்துத்தான் வைக்கிறோம். சாவின் சங்கிலி அறுந்தால்தான் வீட்டில் அடுத்தவர் பின்னாலேயே போகமாட்டார். அப்பா செத்தபோது அவருடைய காபிக் கோப்பையை வாசல் கல்லில் தட்டி உடைத்தது நீதானே? அழுதுகொண்டே உடைத்தாய். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இப்போது கேள். நீ ஒட்டிவிட்டுப் போன புதன்கிழமையே டோர்கஸ் அத்தை விழுந்துவிட்டாள். கோழிக்குத் தீனி போடப் போன இடத்தில் வழுக்கிவிட்டது. எண்பத்தேழு வயதில் விழுவது சாதாரண விழுகையா? எங்கள் வீட்டு முன்னறையில்தான் படுக்க வைத்திருக்கிறோம். நான் இதையெல்லாம் முழுக்க நம்புகிறவன் இல்லை, உனக்கே தெரியும். ஆனால் ரொவீனா நம்புகிறாள், அவள்தான் அத்தையைத் தூக்கி உட்கார வைக்கிறாள், அதனால் நானும் நம்புகிறேன்.

ஜாடியைக் கொட்டகையில் சாக்கு சுற்றி வைத்திருக்கிறேன். திரும்ப உடைக்கலாமா, உடைத்தால் யார் உடைப்பது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. இப்படி ஒரு காரியத்தை இந்த ஊரில் இதுவரை யாரும் செய்ததில்லை.

ஹெஸக்கையா


பிலடெல்பியா
12 செப்டம்பர் 1974

என் ஆமைக்கு,

வீட்டுப் பெயரில் கூப்பிட்டால் உனக்குக் கோபம் வரும் என்று தெரியும். ஏற்கெனவே கோபமாகத்தானே இருக்கிறாய், இதில் கூடுதலாக ஒன்றும் ஆகிவிடாது.

அத்தைக்கு எலும்பு முறிந்ததா, வெறும் அடியா? டாக்டர் என்ன சொன்னார்? இரண்டு பக்கம் என்னைத் திட்டியவன் அதற்கு ஒரு வரி ஒதுக்கியிருக்கலாம். உடனே எழுது.

ஜாடி விஷயத்தில் தப்பு என்னுடையதுதான். ஆனால் நான் வழக்கத்தை மறக்கவில்லை. பிறந்து பெயர் வைக்குமுன் செத்த குழந்தையின் குழி என்றுதானே சின்ன வயதிலிருந்து சொல்லி வைத்திருக்கிறார்கள்? குழந்தைக்குப் பால் புட்டி வைப்பார்கள், கிலுகிலுப்பை வைப்பார்கள். மோர் ஜாடியை யாராவது வைப்பார்களா? யாரோ பூ வைத்த ஜாடி, உன் புல்வெட்டிதான் மோதி உடைத்துவிட்டது என்று நினைத்தேன். உன்னைத் திட்டிக்கொண்டேதான் ஒட்டினேன். பதினேழு துண்டு. ஒன்றுகூடக் குறையவில்லை.

பந்தியை விட்டுவிட்டு அங்கே போய் ஏன் உட்கார்ந்தேன் என்று நீ கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். அத்தைக்கு நேர் எதிரே எனக்கு இடம் வைத்திருந்தார்கள். நான் வந்து நின்றதும் அத்தை எல்லோருக்கும் கேட்கிறமாதிரி, "பிரைமஸ் பேத்தி வந்துட்டா, அவ பஸ் டிக்கெட்ட யாராவது வாங்கி ஒளிச்சு வைங்க, இல்லன்னா சொல்லாமக் கொள்ளாம ஓடிருவா" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். என் கைப்பையில் ஒரு காகிதம் இருந்தது. அதை வைத்துக்கொண்டு அவள் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை.

அதன் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். இந்த இரண்டு வருஷமாக நம் குடும்பத்தைப் பற்றி நான் எழுதிக்கொண்டிருக்கும் புத்தகத்துக்காக, தலைநகர நூலகத்தில் பழைய பத்திரிகைகளைப் புரட்டியபோது கிடைத்தது. 14 நவம்பர் 1896. நான்கே வரி.

'சைலஸ் துறைக்குக் கீழே ஓடையில் கறுப்பன் ஒருவனின் பிணம் ஒதுங்கியது. பதிவு அலுவலகத்தில் அமளி செய்த பிரைமஸ் வாரிங் என்கிறார்கள். கேட்டு வந்த உறவினர் எவருமில்லை.'

நம் தாத்தா எந்தப் பெண்ணோடும் சவானாவுக்கு ஓடிப்போகவில்லை, ஆமை. நான்கு பேருக்குக் கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்து, வாக்காளர் பட்டியலில் பெயர் எழுத அழைத்துப் போயிருக்கிறார். இரண்டாம் நாள் ஓடையில் கிடந்திருக்கிறார். கடைசியாக அவரோடு பார்க்கப்பட்ட மூன்று பேரின் பெயர், அலுவலக எழுத்தர் ஒருவர் கொடுத்த வாக்குமூலத்தில் இருக்கிறது. ஒருவன் ஹாக்ஸ்டன். அந்தப் பெயர் உனக்குத் தெரிந்திருக்கும்.

உனக்கு அதிர்ச்சியாக இருக்கும். எனக்கும் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. ஆனால் அத்தை? தன்னை விட்டுவிட்டு ஓடிய அப்பன் என்று எழுபத்தெட்டு வருஷமாக அவரைத் திட்டிக்கொண்டிருக்கிறாளே. அவளிடம் சொல்லியாக வேண்டும். நீ பக்கத்தில் இருக்கிறாய், நீதான் சொல்லவேண்டும்.

அக்கா
ஆர்டீலியா


சைலஸ் துறை
25 செப்டம்பர் 1974

அக்காவுக்கு,

அத்தைக்கு எலும்பு முறியவில்லை. இடுப்பில் ஊமைக்காயம். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நாலு எட்டு வைக்கிறாள். வாய்க்கு ஒரு குறையும் இல்லை. ரொவீனா செய்யும் வெண்டைக்காய்க் குழம்பு வழவழவென்று இருக்கிறதாம், தலையணையும் அப்படித்தானாம்.

உன் கடிதத்தை ரொவீனாதான் முதலில் பிரித்தாள். "பணம் வெச்சிருக்கும்னு பிரிச்சேன், உங்கக்கா பிணத்தையில்ல வெச்சிருக்கு" என்று அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

எனக்கு அதிர்ச்சியாக இருக்கும் என்று எழுதியிருக்கிறாய். இல்லை அக்கா.

1951இல் அப்பாவுக்குக் குழி வெட்டியது நான். பக்கத்துக் குழியில் மண்வெட்டி பட்டுவிடக்கூடாது என்று முதலில் இரும்புக் கம்பியைச் செருகிப் பார்ப்போம். ஒருமுறை வெட்டிய மண்ணில் கம்பி சுலபமாக இறங்கும், வெட்டாத மண்ணில் முட்டி நிற்கும். அந்தக் குழந்தைக் குழி எங்கே முடிகிறது என்று செருகிக்கொண்டே போனேன். கம்பி இறங்கிக்கொண்டே இருந்தது. ஆறரை அடி நீளம். ஆழம் மூன்றடிகூட இல்லை. கைக்குழந்தைக்கு யாரும் ஆறரை அடி வெட்டமாட்டார்கள். நிதானமாக வெட்டுகிறவன் மூன்றடியில் நிறுத்தமாட்டான்.

எனக்கு முன்னால் குழி வெட்டிக்கொண்டிருந்த ஐசம் கிழவர் அன்றைக்குக் கூட நின்றார். அவரிடம் கேட்டேன். "கம்பிய உருவுடா" என்றார். "கொழந்தக் குழின்னு ஒங்க ஃபீபி பாட்டி சொல்லிச்சு. ஃபீபி சொன்னா கொழந்ததான்."

எனக்கு இருபத்துநாலு வயது. புரிந்துவிட்டது. ஓடிப்போனவனாகச் சொல்லப்பட்ட ஆள் எங்கே படுத்திருக்கிறார் என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது. வாயைப் பூட்டிக்கொண்டேன்.

ஹாக்ஸ்டன் என்ற பெயர் எனக்குத் தெரிந்திருக்கும் என்கிறாய். தினமும் காலை ஏழு மணிக்கு, சாலை போடும் ஆட்களில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வேலை கொடுப்பவர் அந்த ஹாக்ஸ்டனின் பேரன். மோசமான ஆள் இல்லை. ரொவீனாவுக்கு வலி எடுத்த அன்று தன் காரில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். உன் புத்தகம் வந்த மறுநாள் காலை ஏழு மணிக்கு நான் அவர் முகத்தில் விழிக்கவேண்டும். நீ பிலடெல்பியாவில் காபி குடித்துக்கொண்டிருப்பாய்.

அத்தையிடம் நான் சொல்லமாட்டேன். நீயும் சொல்லாதே. அவள் அந்தக் கோபத்தை ஊன்றிக்கொண்டுதான் இத்தனை வருஷம் நடக்கிறாள். அதைப் பிடுங்கிவிட்டால் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்?

ஹெஸக்கையா


பிலடெல்பியா
2 அக்டோபர் 1974

ஹெஸக்கையா,

இருபத்துமூன்று வருஷம்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கணக்குப் போட்டேன். இருபத்துமூன்று வருஷமாக உனக்குத் தெரியும். ஒவ்வொரு ஆகஸ்ட் மாதமும் நான் ஊருக்கு வந்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் யாராவது ஒருவர் என்னை ஓடுகாலியின் பேத்தி என்று கேலி செய்திருக்கிறார்கள். அம்மா சாகிற வருஷம்கூட, "ஒனக்கு அந்தத் தாத்தன் காலு, ஒரு எடத்துல தரிக்காது" என்றாள். நீ கட்டில் காலடியில் நின்றுகொண்டிருந்தாய். பேசாமல் நின்றாய்.

என் கல்யாணம் முறிந்தபோது நான் என்ன நினைத்தேன் தெரியுமா? யாரையும் குறைசொல்லவில்லை. ரத்தத்தில் இருக்கிறது, தாத்தா மாதிரி நானும் இருந்த இடத்தில் இருக்கத் தெரியாதவள் என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். பதினொரு வருஷமாக அதை நம்பிக்கொண்டிருக்கிறேன். நீ ஒரு வரி எழுதிப் போட்டிருந்தால் போதும்.

கோயில் பதிவேட்டை நான் பார்த்தேன். 1897 மார்ச். 'மனைவி மக்களைக் கைவிட்டு ஓடியதற்காக, மனைவி ஃபீபியின் புகாரின்பேரில், பிரைமஸ் வாரிங் சபையிலிருந்து நீக்கப்பட்டார்.' படித்தபோது எரிச்சலாக இருந்தது. உன் ஆறரை அடிக் கம்பியைப் பற்றிப் படித்தபிறகு அந்த வரியை மறுபடி எடுத்துப் பார்த்தேன். கேட்டு வர ஆளில்லை என்று பத்திரிகை எழுதியிருக்கிறது. ஃபீபி பாட்டி கேட்கவில்லை. விடிவதற்குள் ஐசம் மாதிரி இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு எடுத்துவந்து புதைத்துவிட்டாள். பிறகு சபை நடுவில் நின்று, ஓடிப்போய்விட்டான் பாவி என்று புகார் கொடுத்தாள். செத்தவனுக்கு வீட்டில் சாட்சி இருக்கும், கொன்றவர்கள் அந்தச் சாட்சியைத் தேடி வருவார்கள். ஓடிப்போனவனுக்கு இருக்காது. மூன்று குழந்தைகளும் உயிரோடு இருந்ததற்கு அந்தப் புகார்தான் காரணம்.

அப்படிப்பட்ட பொய்யை அவள் சொன்னது குழந்தைகள் பிழைப்பதற்கு. அத்தைக்கு எண்பத்தேழு வயதாகிவிட்டது. பிழைத்துவிட்டாள். இனியும் அதே பொய்யில் அவளை வைத்திருப்பது யாருக்காக? அத்தைக்காகவா, காலை ஏழு மணிக்காகவா?

நவம்பர் முதல் தேதிக்குள் பதிப்பகத்தாரிடம் நான் புத்தகத்தைக் கொடுத்தாக வேண்டும். நீ சொல்லாவிட்டால் நானே அத்தைக்கு எழுதுகிறேன். அவளுக்குப் படிக்க வராதென்றால் என்ன, போதகரை வைத்துப் படித்துக்கொள்ளட்டும்.

ஆர்டீலியா


சைலஸ் துறை
9 அக்டோபர் 1974

அக்காவுக்கு,

எழுது. தபால்காரர் என்னிடம்தான் தருவார். அடுப்பில் போடுவேன்.

போதகர் படித்துக் காட்டவேண்டுமாம். அவருக்கு முப்பது வயது, போன வருஷம் வந்தவர். 'உங்க அப்பா பிணமா ஒதுங்கினாரு' என்று அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே படிக்க, அத்தை கட்டிலில் உட்கார்ந்து கேட்கவேண்டுமா? உனக்கு இது ஒரு அத்தியாயம். எங்களுக்கு அத்தை.

காலை ஏழு மணி என்று எழுதியிருக்கிறாய். நான் பயந்தவன் என்று நேராகவே எழுதியிருக்கலாம். உனக்குச் சொற்களுக்கா பஞ்சம்?

நேற்று ராத்திரி முழுக்க அத்தை தூங்கவில்லை. இடுப்பு வலி. ரொவீனா எண்ணெய் காய்ச்சித் தேய்த்தாள். இனிமேல் இதைப் பற்றி எழுதாதே.

ஹெஸக்கையா


பிலடெல்பியா
20 அக்டோபர் 1974

தம்பிக்கு,

அத்தைக்கு எழுதினேன். நான்கு பக்கம். எழுதி, ஒட்டி, தபால்தலையும் ஒட்டி, கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு தெருமுனைவரை போனேன். திரும்பி வந்துவிட்டேன். கிழித்துப் போட்டாயிற்று.

காரணம் சொல்கிறேன், சிரிக்காதே. தபால்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு செருப்புக்கடை இருக்கிறது. கண்ணாடிக்குப் பின்னால் காலி அட்டைப்பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். அதைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

1939இல் நான் கிளம்பிய அன்று உனக்குப் பன்னிரண்டு வயது. அப்பா என்னிடம் பேசவில்லை. அம்மா அறையை விட்டு வெளியே வரவில்லை. நீ கோழிக்கூண்டுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாய், அதுவும் எனக்குத் தெரியும். பஸ் நிறுத்தத்துக்கு வந்தது டோர்கஸ் அத்தை மட்டும்தான். ஓடுகாலிகளை ஊரிலேயே அதிகம் வெறுத்த மனுஷி. கையில் ஒரு செருப்புப் பெட்டி. பொரித்த கோழி, சர்க்கரைவள்ளிக் கிழங்குப் பணியாரம், நான்கு அவித்த முட்டை. வாஷிங்டன் தாண்டும்வரை வழியில் எந்தக் கடையிலும் நம் நிறத்து ஆட்களை உட்கார வைத்துச் சோறு போடமாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

பெட்டியை என் மடியில் வைத்துவிட்டு ஒன்று சொன்னாள். "திரும்பி வராட்டிப் போ. எங்க இருக்கேன்னு மட்டும் சொல்லிரு. எங்க இருக்காங்கன்னு தெரியாம இருக்கறதுதாண்டி கொடும."

அப்போது எனக்குப் பதினேழு வயது. கோழி வாசனையில் அது காதில் ஏறவில்லை. முப்பத்தைந்து வருஷம் கழித்து ஒரு செருப்புக்கடை வாசலில் ஏறியது.

அவளிடம் இதைத் தாளில் சொல்லக்கூடாது. அது மட்டும் புரிந்தது. அவளுக்குத் தெரியாமல் ஊருக்கெல்லாம் சொல்வது அதைவிட அசிங்கம். பதிப்பகத்தாருக்கு எழுதிவிட்டேன். தாத்தாவின் அத்தியாயத்தை எடுத்துவிடச் சொன்னேன். அவர் சவானாவுக்குப் போய்விட்டார் என்ற பழைய கதையோடு அந்த இடம் முடிந்துவிடும். அதை அப்படி எழுதிக் கையெழுத்துப் போடுவதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. இருந்தாலும் போடுகிறேன்.

நீ பயந்தவன் என்று நான் நினைக்கவில்லை. கோபத்தில் எழுதியது. அந்த ஊரில் இருப்பதற்கும் ஒரு நெஞ்சு வேண்டும். எனக்கு அது இல்லாமல்தானே பஸ் ஏறினேன்.

ரொவீனாவிடம் ஜாடிக்காக மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.

அக்கா


சைலஸ் துறை
10 நவம்பர் 1974, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

வந்துவிட்டது பார்.

உன் கடிதம் கிடைத்துப் பத்து நாளுக்கு மேல் ஆகிறது. பதில் எழுத உட்கார்ந்தேன், எழுத வரவில்லை. நீ இரண்டு வருஷ உழைப்பை அத்தைக்காக விட்டுக்கொடுத்துவிட்டாய். நான் அத்தைக்காக என்று சொல்லிச் சொல்லி எதை விட்டுக்கொடுத்தேன்? 'எங்க இருக்கேன்னு மட்டும் சொல்லிரு' என்ற வரி என்னைப் படுத்தி எடுத்துவிட்டது. இடம் எனக்குத் தெரியும். கம்பியால் அளந்தே வைத்திருக்கிறேன். அவள் ஞாயிறு தவறாமல் உட்காரும் பெஞ்சிலிருந்து நாற்பது எட்டு. சாலையில் தார் ஊற்றும்போதும் அதுதான் ஞாபகம், சாப்பிட உட்கார்ந்தாலும் அதுதான்.

வெள்ளிக்கிழமை வேலையிலிருந்து வந்ததும் கொட்டகைக்குப் போனேன். ஜாடியைச் சாக்கிலிருந்து எடுத்து, சட்டையால் துடைத்து, உள்ளே கொண்டுவந்தேன். ரொவீனா அடுப்படியிலிருந்து பார்த்துவிட்டு, "ஐயையோ, அத வீட்டுக்குள்ளயா கொண்டாரீங்க?" என்று கரண்டியோடு ஓடிவந்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு நின்றுவிட்டாள். அத்தை கட்டிலில் சாய்ந்துகொண்டு மடியில் முறம் வைத்துப் பயறு உரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்து முக்காலியில் ஜாடியை வைத்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் தொப்பியைத் திருகிக்கொண்டு நின்றேன்.

ஆரம்பிக்க வேண்டிய அவசியமே வரவில்லை. அத்தை திரும்பிப் பார்த்தாள். கையில் இருந்த பயறு முறத்துக்கு வெளியே விழுந்தது.

"இது அந்த ஆளோட மோர் ஜாடி" என்றாள்.

எனக்கு அது தெரியாது அக்கா. சத்தியமாகத் தெரியாது. ஏதோ ஒரு ஜாடி என்றுதான் நினைத்திருந்தேன். துண்டாகக் கிடந்தவரை அவளும் கண்டுகொள்ளவில்லை. புல்லுக்குள் நீலமும் வெள்ளையுமாகப் பீங்கான் சில்லு எந்த மேட்டில்தான் இல்லை?

"பறவைக்கு ஒரு கண்ணு அழிஞ்சிருக்கும், பாரு" என்றாள். பார்த்தேன். அழிந்திருந்தது. "நான்தான் நகத்தால சொரண்டினேன். அதுக்கு அடி வாங்கினேன். அவர் அடிக்கல, அம்மாதான் அடிச்சா. அவர் சிரிச்சிக்கிட்டிருந்தாரு."

 மேற்கொண்டு என்னைப் பார்த்துப் பேசவில்லை, ஜாடியைப் பார்த்துப் பேசினாள். "காலையில எந்திரிச்சப்ப அலமாரியில இது இருந்த எடம் காலியா இருந்துச்சு. ஜாடி எங்கன்னு கேட்டேன். 'ஒங்கப்பன் எடுத்துக்கிட்டு ஓடிட்டான்'னா அம்மா. ஒரு ஜாடியத் தூக்கிட்டுப் போகணும்னு தோணியிருக்கு அந்த மனுஷனுக்கு. என்னத் தூக்கிட்டுப் போகத் தோணல. ஒம்பது வயசுடா. நான் அப்படி ஒண்ணும் கனமில்ல."

எழுபத்தெட்டு வருஷமாக அத்தை திட்டியதெல்லாம் இதற்குத்தான். சவானாப் பெண்ணுக்கு இல்லை.

"எங்கேருந்துடா கெடச்சுது?" என்றாள்.

"தோட்டத்துலேருந்து, அத்தை. அப்பாவுக்குப் பக்கத்துக் குழி மேலேருந்து."

"ஒடஞ்சா கெடந்துச்சு?"

"ஆமா அத்தை. பதினேழு துண்டா. அக்காதான் தெரியாம ஒட்டிட்டா."

அவள் இந்த ஊரில் பிறந்தவள். அதற்குமேல் அவளுக்கு எதையும் விளக்க வேண்டியதில்லை. அப்படியே முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன், வெட்கம் என்ன. ரொவீனா கரண்டியைக் கீழே போட்டுவிட்டு வந்து அத்தையைப் பிடித்துக்கொண்டாள். குழம்பு தீய்ந்துபோய்விட்டது.

அழுது முடித்துவிட்டு, "அம்மா அவர வாய்க்கு வாய் திட்டுவா" என்றாள். "திட்டிட்டு எழுந்து கோயில் பக்கமாப் போய் நிப்பா. ஜெபம் பண்றான்னு நெனச்சேன். பாவி மக, ஒரு வார்த்த சொல்லாமலே செத்தா."

யார் செய்தது என்று கேட்டாள். நீ அனுப்பிய காகிதத்தை எடுத்துப் படித்துக் காட்டினேன். வாக்குமூலத்தில் இருந்த மூன்று பெயரையும் சொன்னேன். 'ம்' என்றாள். கையெழுத்துச் சொல்லிக்கொடுத்ததற்கா என்று ஒருமுறை கேட்டாள். பட்டியலில் பெயர் எழுதப் போனதற்கு என்றேன். மறுபடி 'ம்' என்றாள். அதுவரை 'அந்த ஆளு' என்றே சொல்லிக்கொண்டிருந்தவள், ராத்திரி படுக்கும்போது ரொவீனாவிடம், "அப்பாவுக்கு மோர்ல உப்பு ஜாஸ்தி வேணும்" என்றாளாம்.

நேற்றுக் காலை அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டு தோட்டத்துக்குப் போனோம். ஜாடி வழி முழுக்க அவள் மடியில் இருந்தது. ரொவீனா ஒரு புட்டியில் மோர் கொண்டுவந்திருந்தாள். மேட்டருகே நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். ஜாடியில் மோரை ஊற்றச் சொன்னாள். ஒரு வாய் குடித்தாள். மீதியை மேட்டில் கவிழ்த்தாள். நான் சுத்தியலை நீட்டினேன். "அது எதுக்கு, எனக்குக் கை இல்லையா?" என்று தட்டிவிட்டாள். இரண்டு கையாலும் ஜாடியைத் தலைக்குமேல் தூக்கி, பக்கத்தில் நம் அப்பாவின் கல்லறைக் கல் விளிம்பில் போட்டாள்.

உன் பசை நல்ல பசை அக்கா. முதல் தடவை உடையவில்லை. உருண்டு என் காலடிக்கு வந்தது.

"பாத்தியா, ஒங்கக்கா எதையும் லேசுல விடமாட்டா" என்றாள் அத்தை. அவ்வளவு அழுகைக்கு நடுவிலும் நாங்கள் மூன்று பேரும் சிரித்துவிட்டோம். எடுத்துக் கொடுத்தேன். இரண்டாம் தடவை ஓங்கிப் போட்டாள். உடைந்தது. ஒட்டின இடத்தில் உடையவில்லை, புது இடங்களில் உடைந்தது. எத்தனை துண்டு என்று நான் எண்ணவில்லை. பொறுக்கி மேட்டின் தலைமாட்டில் வைத்தேன். அத்தை தலைமாடு எது, கால்மாடு எது என்று என்னிடம் கேட்டு உறுதி செய்துகொண்டாள்.

நான் அவளிடம் இன்னொன்றும் சொல்லவேண்டியிருந்தது. நாற்காலிக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு, இது எனக்கு இருபத்துமூன்று வருஷமாகத் தெரியும் என்று சொன்னேன்.  கையை நீட்டி என் காதைப் பிடித்துத் திருகினாள். வலிக்கும்படிதான் திருகினாள். விட்டபிறகு அதே கையால் தடவினாள். "ஃபீபி பேரன்தானே நீ" என்றாள்.

வண்டியில் ஏறும்போது உன் புத்தகத்தைப் பற்றிச் சொன்னேன். அவளுக்காக நீ அந்த அத்தியாயத்தை எடுத்துவிட்டாய் என்றும் சொன்னேன். கோபம் வந்துவிட்டது அவளுக்கு. "எடுக்கறதுக்கு அவ யாரு? திரும்ப வெக்கச் சொல்லு. அந்த மூணு பேரு பேரையும் போடச் சொல்லு" என்றாள். போட்டுவிடு அக்கா. ஹாக்ஸ்டனிடம் நாளைக் காலையில் நானே சொல்லிவிடப்போகிறேன். புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்வதைவிட என் வாயால் கேட்கட்டும். வேலை போனால் போகிறது. எனக்குக் குழி வெட்டத் தெரியும், ஆட்கள் சாகாமலா இருக்கப்போகிறார்கள்? 

இந்தக் கடிதத்தை அத்தைக்குப் படித்துக் காட்டினேன். ஒரு விஷயம் விட்டுப்போச்சு என்கிறாள். என்ன அத்தை என்றேன். "பேரு, தேதி, ஓட எல்லாம் சரி. அவ எழுதறப்ப இத மறந்திரப் போறா. ஜாடிய எங்கப்பா எடுத்துக்கிட்டுப் போகலன்னு எழுதச் சொல்லு."

உன் தம்பி
ஆமை